ஐந்து பேரைப் பார்த்துக்கொண்டே ஒரு சீசன்

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலை அங்கொன்றும் இங்கொன்றுமாக ஆட்டம் பார்த்துப் பழக முடியாது என்பது என் அபிப்பிராயம். ஒரே அணியைப் பிடித்துக்கொண்டு ஆகஸ்ட் கடைசியிலிருந்து விடாமல் பார்க்க வேண்டும். எனக்கு அந்த அணி ஒஹாயோ ஸ்டேட், அந்த சீசன் 2024. நவம்பர் 30 அன்று சொந்த மைதானத்தில் பரம எதிரியான மிச்சிகனிடம் தோற்று, ஊரே தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தது. ஜனவரி 20 அன்று அதே அணி நாட்டின் சாம்பியன். நடுவில் என்ன மாறியது என்று கேட்டால் ஆளுக்கு ஒரு பதில் சொல்வார்கள். நான் பார்த்த இடத்திலிருந்து எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழகம் இருக்கும் கொலம்பஸ் நகரத்துக்கு ஆராய்ச்சிப் படிப்புக்கு வருகிற நம் ஆட்களில் பாதிப்பேர் சனிக்கிழமை ஆட்டம் என்றால் கதவைச் சாத்திக்கொள்வார்கள். சத்தம், கூட்டம், எங்கேயும் கார் நிறுத்த இடமில்லை. ஒதுங்கி இருக்கலாம், தப்பில்லை. ஆனால் செப்டம்பர் தொடங்கிவிட்டால் திங்கட்கிழமைக் காலைப் பேச்சு முழுக்க அதைப் பற்றித்தான். லேபில், பஸ்ஸில், காபி வரிசையில், பல் டாக்டரின் நாற்காலியில்கூட. நாலு வார்த்தை பேசத் தெரிந்தால் ஊர் சட்டென்று பழகிவிடும்.

விதிகளுக்குப் பயந்து பலர் விலகிப் போகிறார்கள். முதல் ஆட்டத்துக்குத் தேவையானது இவ்வளவுதான்: பந்து கையில் இருக்கிற அணிக்கு நான்கு முயற்சி. அந்த நான்குக்குள் 10 யார்டு முன்னேற வேண்டும். முன்னேறிவிட்டால் மறுபடி நான்கு. ஒவ்வொரு முயற்சிக்கும் டவுன் என்று பெயர். திரையின் ஓரத்தில் எப்போதும் இரண்டு எண்கள் இருக்கும். முதல் எண் எத்தனையாவது டவுன், இரண்டாவது இன்னும் எத்தனை யார்டு. அந்த இரண்டையும் படிக்கத் தெரிந்தால் ஆட்டம் எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிடும். எல்லைக்குள் பந்தைக் கொண்டுபோனால் டச் டவுன், 6 புள்ளி. அதன்பின் உதைத்தால் கூடுதலாக 1. கம்பங்களுக்கு நடுவே உதைக்கிற ஃபீல்ட் கோலுக்கு 3. மற்ற விதியெல்லாம் நடுவர் கொடியை எறியும்போது ஒவ்வொன்றாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். எனக்கு அப்படித்தான் தெரிந்தது.

லேபில் எனக்கு மூத்தவரான ஓர் அக்கா இருந்தார். மதுரைப் பக்கம். வந்த வருடத்திலிருந்து ஓர் ஆட்டம் விடாதவர். சீசனின் முதல் ஆட்டம் ஆக்ரன் என்ற சின்ன அணியோடு. நான் வாயைப் பிளந்துகொண்டு பந்து பறக்கிற பக்கமெல்லாம் தலையைத் திருப்புவதைப் பார்த்து, "தம்பி, பந்தைப் பார்க்காத. அதை டிவியில ஆயிரம் தடவ காட்டுவான். நடுவுல குனிஞ்சு நிக்கிற அஞ்சு பேரைப் பாரு" என்றார்.

கபடியில் பாடிப் போகிறவனையே பார்த்துக்கொண்டிருந்தால் மூலையில் நிற்பவன் கால் நகர்வது தெரியாது இல்லையா, அது மாதிரி. அந்த ஐந்து பேரின் பெயரும் ஸ்கோர் அட்டையில் வராது. நடுவில் சென்டர், அவருக்கு இருபுறமும் கார்டு, வெளிப்புறத்தில் டேக்கிள். பந்தைப் பின்னால் கொடுப்பவர் சென்டர். அவர் கொடுத்த கணத்திலிருந்து எதிராளியை மறித்து நிற்பதுதான் ஐவரின் வேலை. கண்டுபிடிப்பது சுலபம், முதுகில் 50க்கும் 79க்கும் இடைப்பட்ட எண் இருக்கும். எறிகிற பந்தைப் பிடிக்கவும் அவர்களுக்கு அனுமதி கிடையாது.

அவர்களைப் பார்த்தால் என்ன கிடைக்கும் என்றால், அடுத்து நடக்கப்போவது அரை நொடி முன்பே தெரியும். ஐவரும் முன்னால் பாய்ந்தால் பந்தோடு ஓடப்போகிறார்கள். பின்னால் எட்டு வைத்தால், சென்டரிடமிருந்து பந்தை வாங்கி ஆட்டத்தை நடத்துகிற குவார்ட்டர்பேக் எறியப்போகிறார். இது அநேகமாகப் பொய்க்காது, காரணம் விதியிலேயே இருக்கிறது: பந்தை முன்னால் எறிவதாக இருந்தால் இவர்கள் பந்து கிளம்புகிற கோட்டிலிருந்து 3 யார்டுக்கு மேல் முன்னேறிப் போகக்கூடாது. கால் அசைவை மாற்றிக் காட்டி ஏமாற்றும் ஆட்டங்களும் உண்டு, ஆனால் அதை ரசிக்கவும் முதலில் இது தெரிய வேண்டும்.

இதைப் பழகிக்கொள்ள செப்டம்பர்தான் சரியான மாதம். பெரிய அணிகள் சீசன் தொடக்கத்தில் சின்ன அணிகளை வரவழைத்து ஆடும். ஆக்ரனை 52-6, வெஸ்டர்ன் மிச்சிகனை 56-0, மார்ஷலை 49-14 என்று அடித்தார்கள். முடிவு முன்பே தெரிந்த ஆட்டம்தான், பதற்றம் இருக்காது. டிக்கெட்டும் பெரிய ஆட்டங்களைவிட மலிவாகக் கிடைக்கும். புதிதாக வருகிறவர்கள் முதல் ஆட்டமாக மிச்சிகன் ஆட்டத்துக்குத்தான் போவேன் என்று அடம்பிடிக்க வேண்டாம். அந்த விலைக்கு ஒரு சீசனே பார்த்துவிடலாம்.

மைதானம் 1922இல் திறந்தது. குதிரை லாட வடிவம், ஒரு லட்சத்துக்கும் மேல் உட்காரலாம். ஆனால் மாணவர் பகுதியில் யாரும் உட்காருவதில்லை, முழு ஆட்டமும் நின்றபடிதான். ஆட்ட நேரம் கணக்குக்கு 60 நிமிடம், நடப்பில் மூன்றரை மணி நேரம். விளம்பர இடைவேளைக்காகவே ஒருவர் மைதானத்துக்குள் வந்து நிற்பார், அவர் வெளியேறும்வரை ஆட்டம் கிடையாது. ஆகவே நல்ல ஷூ முக்கியம். கைப்பை கொண்டுபோவதென்றால் பெரும்பாலும் உள்ளே இருப்பது வெளியே தெரிகிற பிளாஸ்டிக் பைதான், அதற்கும் அளவு உண்டு. லேப்டாப் பையோடு நேரே வந்து வாசலில் திரும்பிப் போகிறவர்களை ஒவ்வொரு ஆட்டத்திலும் பார்க்கலாம். டிக்கெட் போனில்தான் இருக்கும். ஒரு லட்சம் பேர் கூடும் இடத்தில் நெட் இழுக்காது, வீட்டிலேயே போனுக்குள் சேமித்துக்கொண்டு கிளம்புவது நல்லது. நவம்பருக்கு மேல் குளிரில் பேட்டரியும் சீக்கிரம் இறங்கும்.

இடம் தேர்ந்தெடுக்கும்போது பக்கவாட்டு இருக்கைகளுக்குத்தான் எல்லோரும் அடித்துக்கொள்வார்கள். நான் எல்லைக் கோட்டுக்குப் பின்னால் இருக்கும் இருக்கைகளைத்தான் சொல்வேன். டிவி காட்டுவது பக்கவாட்டுக் கோணம். அதில் ஐவருக்கு நடுவே இடைவெளி திறப்பது தெரியாது. பின்னாலிருந்து பார்த்தால் கதவு திறக்கிற மாதிரி அப்பட்டமாகத் தெரியும். மாணவர்களின் பிளாக் ஓ பகுதியும் தெற்குக் கோடியில் அப்படித்தான் இருக்கிறது.

பேண்டு வாத்தியக் குழுவைத் தவறவிடாதீர்கள். 1936 முதல் ஓஹாயோ என்ற சொல்லைக் கூட்டெழுத்தில் வாசித்துக்கொண்டே நடந்து எழுதுகிறார்கள். கடைசியில் சூசபோன் என்ற பெரிய ஊதுகுழல் வாசிக்கிற ஒருவர் தனியாக நெஞ்சை நிமிர்த்திப் போய் ஐ எழுத்தின் மேல் புள்ளியாக நிற்பார். டச் டவுனுக்கு எழாத கிழவர்கள்கூட அதற்கு எழுந்து கத்துவார்கள்.

இது மாணவர் விளையாட்டா, தொழிலா என்று கேட்டால் 2024இல் இரண்டும் கலந்த ஒன்று என்றுதான் சொல்ல வேண்டும். 2021 முதல் வீரர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் வைத்துப் பணம் சம்பாதிக்கலாம். ஒரு கல்லூரியிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவதும் சுலபமாகிவிட்டது. ஒஹாயோ ஸ்டேட் அந்த வருட அணிக்குச் சுமார் 2 கோடி டாலர் செலவானதாகப் பல்கலைக்கழகத்தின் விளையாட்டு இயக்குநரே சொன்னார். குவார்ட்டர்பேக் வில் ஹவர்ட் கான்சஸ் ஸ்டேட்டிலிருந்து வந்தவர். ஓடுகிற குவின்ஷான் ஜட்கின்ஸ் மிசிசிப்பியிலிருந்து. தடுப்பில் கேலப் டவுன்ஸ் அலபாமாவிலிருந்து. நம் ஐவரில் சென்டர் செத் மெக்லாக்லினும் அலபாமா, இடது டேக்கிள் ஜாஷ் சிமன்ஸ் சான் டியேகோ ஸ்டேட். ஊர்க்காரர்களுக்கு இதில் சங்கடம் ஒன்றும் இல்லை, ஜெயித்தால் சரி.

அதே நேரம் தொழில்முறை லீகுக்குப் போயிருக்கக்கூடிய பழைய ஆட்கள் பலர் போகாமல் தங்கினார்கள். எமெக்கா எக்பூக்கா, டிரெவியன் ஹெண்டர்சன், ஜாக் சாயர், டானவன் ஜாக்சன் எல்லாரும் 2021இல் சேர்ந்தவர்கள். சேர்ந்ததிலிருந்து மிச்சிகனை ஒரு தடவையும் ஜெயித்ததில்லை. மிச்சிகனை வென்ற வருடம் ஒவ்வொரு வீரருக்கும் தங்கத்தில் கால்சட்டை வடிவச் சின்னப் பதக்கம் ஒன்று தருவார்கள், 1934இலிருந்து வழக்கம். அது இல்லாமலே படிப்பை முடிக்கப்போகிறோம் என்ற குறை அவர்களுக்கு.

அக்டோபர் 12, ஆரிகன். அதுவரை எல்லாம் லேசாகப் போனது. அன்று 32-31 என்று ஒரே புள்ளியில் தோற்றார்கள். அந்த ஆட்டத்தின் கடைசி நொடிகளைப் பற்றி எல்லோரும் பேசினார்கள், பேச வேண்டிய விஷயம்தான். 10 நொடி மிச்சம் இருக்கும்போது ஆரிகன் 11 பேருக்குப் பதில் 12 பேரைத் தடுப்பில் நிறுத்தியது. தண்டனை 5 யார்டு. ஆனால் அந்த முயற்சியில் போன 4 நொடி திரும்பி வரவில்லை. நீண்ட தூரம் போக வேண்டிய அணிக்கு 5 யார்டைவிட 4 நொடிதான் பெரிசு. 6 நொடியை வைத்து என்ன செய்ய முடியும்? ஹவர்ட் பந்தோடு ஓடிச் சறுக்கி உட்கார்வதற்குள் கடிகாரம் தீர்ந்துவிட்டது. அடுத்த வாரமே விதியின் விளக்கத்தை மாற்றி, இப்படிச் செய்தால் நேரத்தைத் திருப்பித் தரலாம் என்று ஆக்கினார்கள். ஆரிகனின் மூளையை எங்கள் வீட்டில் திட்டிக்கொண்டே பாராட்டினோம்.

ஆனால் சீசனைத் திருப்பிய விஷயம் அது இல்லை. அதே ஆட்டத்தில் எண் 71, நம் இடது டேக்கிள் சிமன்ஸின் முழங்கால் போனது. இடது டேக்கிள் என்பவர் வலது கையால் எறிகிற குவார்ட்டர்பேக்கின் முதுகுப் பக்கத்தைக் காப்பவர். எறிகிறவருக்குத் தெரியாத பக்கம் அது. "ஸ்கோரை விடு. எழுபத்தொண்ணு திரும்பி வரலைன்னா நமக்கு வேலை இருக்கு" என்று அக்கா அன்று இரவே சொல்லிவிட்டார்.

சொன்ன மாதிரியே ஆனது. அடுத்து நெப்ராஸ்கா, சொந்த மைதானத்தில், 21-17 என்று இழுத்துக்கொண்டு ஜெயித்தார்கள். ஓடவே முடியவில்லை. மாற்று ஆளாக வந்தவர் திணறினார், அவருக்கும் அடிபட்டது. அப்புறம் பென் ஸ்டேட் ஆட்டத்தில் ஜாக்சனை இடது கார்டிலிருந்து இடது டேக்கிளுக்கு நகர்த்தினார்கள். வெளியே இருந்து பார்க்கிறவருக்கு ஓர் அடி தள்ளி நிற்கிறார், அவ்வளவுதானே என்று தோன்றும். அப்படி இல்லை. கார்டுக்கு இருபுறமும் ஆள் உண்டு, தோளோடு தோள் ஒட்டிக்கொண்டு தள்ளலாம். டேக்கிளுக்கு வெளிப்பக்கம் திறந்த வெளி. அணியின் வேகமான தடுப்பாளர் அங்கிருந்து வளைந்து வருவார். பென் ஸ்டேட்டில் அது அப்துல் கார்ட்டர்.

அந்த ஆட்டத்தை அக்கா வீட்டில் எல்லோரும் சேர்ந்து பார்த்தோம். ஜாக்சன் எண் 74. பந்து கிளம்பியதும் இடது காலை நேரே பின்னால் இழுக்கிறார், கார்டுக்கு அது பழக்கம். கார்ட்டர் வெளியே சுற்றி உள்ளே நுழைந்துவிடுகிறார். நாங்கள் ரீவைண்ட் செய்து இரண்டாம் தடவை இவரை மட்டும் பார்த்தோம். நேரம் போகப்போக அந்தக் கால் சாய்வாக, அகலமாகப் பின்னால் போக ஆரம்பித்தது. உடம்பு வெளிப்பக்கம் திரும்பியது. கைகள் முந்தி நீளாமல் ஒரு கணம் காத்திருந்து எதிராளியின் மார்பில் போய் உட்கார்ந்தன. ஒரு மனிதன் புது வேலையை ஒரு லட்சம் பேர் எதிரே, அந்நிய மைதானத்தில் கற்றுக்கொள்வதை அப்படி நேரடியாகப் பார்க்க வாய்ப்பது அபூர்வம். அன்று தடுப்பாட்டக்காரர்கள் எல்லைக்கு 3 யார்டு தள்ளி பென் ஸ்டேட்டை நான்கு முயற்சியிலும் நிறுத்தினார்கள். அது செய்தியில் வந்தது. அதற்குப் பிறகு ஐந்து நிமிடத்துக்கும் மேல் மிச்சமிருந்த கடிகாரத்தை, எறியாமல், வெறுமனே ஓடி ஓடியே தீர்த்தார்கள். அத்தனை பேருக்கும் ஓடப்போகிறார்கள் என்று தெரியும், தெரிந்தும் தடுக்க முடியவில்லை. அது முழுக்க அந்த ஐவரின் வேலை. 20-13.

வீட்டிலிருந்து பார்க்கிறவர்களுக்கு இந்த ரீவைண்ட் பழக்கத்தைச் சிபாரிசு செய்கிறேன். எல்லா முயற்சிக்கும் வேண்டாம், சலித்துவிடும். மூன்றாவது டவுன் மட்டும். முதல் தடவை பந்து, இரண்டாம் தடவை ஐவர்.

இண்டியானா ஆட்டத்துக்கு முந்தைய நாட்களில் பயிற்சியில் மெக்லாக்லினின் குதிகால் தசைநாண் அறுந்தது. சீசன் முடிந்தது அவருக்கு. ஐவரில் இரண்டு பேர் போயாயிற்று, ஒருவர் இடம் மாறியிருக்கிறார். பென் ஸ்டேட் ஆட்டத்தில் இடது கார்டாக வந்த கார்சன் ஹின்ஸ்மன் இப்போது சென்டர், கார்டுக்கு இன்னொருவர். ஆனாலும் அதுவரை ஒரு தோல்விகூட இல்லாமல் வந்த இண்டியானாவை 38-15 என்று வென்றார்கள். எல்லோரும் நிம்மதியானார்கள். நானும்தான்.

அடுத்தது மிச்சிகன் வாரம். அந்த வாரம் வளாகம் முழுக்கப் பெயர்ப் பலகைகளில் எம் எழுத்து வரும் இடமெல்லாம் சிவப்பு டேப்பில் பெருக்கல் குறி போட்டு மறைத்திருப்பார்கள். மருத்துவமனைப் பலகையையும் விடமாட்டார்கள். மிச்சிகனின் நிறமான நீலத்தில் சட்டை போடுவதை அந்த வாரம் தவிர்ப்பது உசிதம். யாரும் அடிக்கமாட்டார்கள், ஆனால் ஒவ்வொரு ஐந்து நிமிடத்துக்கும் யாராவது நிறுத்தி வம்பிழுப்பார்கள்.

இரண்டு அணிகளும் 1897இலிருந்து மோதுகின்றன. மிச்சிகன் முந்தைய வருட நாட்டு சாம்பியன்தான், ஆனால் பயிற்சியாளரும் முக்கிய ஆட்டக்காரர்களும் போய், அந்த வருடம் 6 வெற்றி, 5 தோல்வி என்று தட்டுத்தடுமாறி வந்திருந்தது. பந்தயம் கட்டுகிறவர்கள் கணக்கில் ஒஹாயோ ஸ்டேட் மூன்று டச் டவுன் வித்தியாசத்தில் ஜெயிக்க வேண்டும். மிச்சிகனிடம் எஞ்சியிருந்த ஒரே பெரிய பலம் தடுப்பின் நட்டநடுவில், மேசன் கிரஹாம், கென்னத் கிராண்ட் என்ற இரண்டு மலைகள். நம்மிடம் பலவீனமான இடமும் அதே நட்டநடுதான். புது சென்டர், புது கார்டு.

சரி, வெளியே எறிந்து ஆடுவார்கள் என்று பார்த்தால், திரும்பத் திரும்ப நடுவிலேயே ஓடினார்கள். நான் தெற்குக் கோடியில் நின்று பார்த்தேன். கதவு திறக்கும் என்றேனே, அன்று திறக்கவே இல்லை. மிச்சிகனின் வெள்ளைச் சட்டைகள் இரண்டும் அசையாமல் நின்றன, சிவப்புச் சட்டைகள் அவற்றில் மோதி மடிந்தன. வெளியே ஜெரமையா ஸ்மித், எக்பூக்கா என்று பந்து பிடிப்பதில் நாட்டின் மிகச் சிறந்த கைகள் சும்மா ஓடிக்கொண்டிருந்தன. இரண்டு ஃபீல்ட் கோல் தவறியது, ஹவர்டின் இரண்டு எறிதல்கள் எதிராளி கைக்குப் போயின. முக்கால் நிமிடம் மிச்சம் இருக்கும்போது மிச்சிகன் ஒரு ஃபீல்ட் கோல் அடித்தது. 13-10.

ஆட்டம் முடிந்தபின் மிச்சிகன் வீரர்கள் மைதானத்தின் நடுவில் கொடி நடப்போக, கைகலப்பாகி, போலீஸ் மிளகு ஸ்ப்ரே அடித்தது. இரண்டு பல்கலைக்கழகத்துக்கும் ஆளுக்கு ஒரு லட்சம் டாலர் அபராதம். அத்தனை கூட்டம் சத்தமே இல்லாமல் படி இறங்கிப் போனதை அன்றுதான் பார்த்தேன். என் பின்னால் வந்த ஒரு தாத்தா தன் பேரனிடம் பயிற்சியாளர் ரையன் டேயைப் பற்றிச் சொன்னவற்றை இங்கே எழுத முடியாது.

அந்த வாரத்தில் பேசத் தெரிந்த எல்லோரும் டேயை வீட்டுக்கு அனுப்ப வேண்டும் என்றார்கள். முந்தைய வருடங்களாக இருந்தால் சீசன் அத்தோடு தீர்ந்திருக்கும். 2024இல்தான் முதன்முதலாக, சாம்பியனைத் தீர்மானிக்கிற, தோற்றால் வெளியேறும் பிளேஆஃபுக்கு 4 அணிக்குப் பதில் 12 அணி என்று மாற்றினார்கள். இரண்டு தோல்வியோடும் ஒஹாயோ ஸ்டேட் எட்டாவது இடத்தில் உள்ளே வந்தது. முதல் சுற்று சொந்த மைதானத்திலேயே, டென்னஸியோடு, டிசம்பர் 21 இரவு. இதிலிருந்து எனக்குத் தெரிந்த ஒரு நடைமுறை விஷயம்: ஊர் மனம் உடைந்திருக்கும்போது டிக்கெட் கிடைக்கும். செமஸ்டர் முடிந்து மாணவர்கள் ஊருக்குப் போயிருந்தார்கள், கோபத்தில் சிலர் விற்றுவிட்டார்கள். அரங்கில் எங்கு பார்த்தாலும் டென்னஸியின் ஆரஞ்சு. எங்களுக்கும் நல்ல இடம் கிடைத்தது.

உறைநிலைக்குக் கீழே குளிர். அதற்குப் போகிறவர்களுக்கு: பருத்தி பனியன் வேண்டாம், வியர்த்து ஈரமானால் பிறகு காயாது. கம்பளி அல்லது விளையாட்டுத் துணி உள்ளே, அதன்மேல் அடுக்கடுக்காக. சாக்ஸுக்குள் சூடேற்றும் பொட்டலம் வைத்துக்கொள்ளலாம். முக்கியமாகக் காலுக்கு அடியில் ஓர் அட்டைத்துண்டு. குளிர் கான்கிரீட்டிலிருந்துதான் ஏறும். அக்கா பீட்சா அட்டையை இரண்டாகக் கிழித்து எனக்குப் பாதி கொடுத்தார்.

ஆட்டம் தொடங்கியதுமே வித்தியாசம் தெரிந்தது. ஐவரும் முன்னால் பாயவில்லை, பின்னால் எட்டு வைத்தார்கள். பந்து நடுவில் போகாமல் வெளியே ஸ்மித்துக்குப் போனது, டச் டவுன். மறுபடியும் எறிந்தார்கள். தடுப்பாளர்கள் பயந்து பரவி நின்ற பிறகுதான் ஓட ஆரம்பித்தார்கள், அப்போது கதவு தானாகத் திறந்தது. முதல் கால்பகுதி முடியும்போது 21-0. முடிவில் 42-17. ஐவரும் அதே ஐவர்தான், மூன்று வாரத்தில் யாரும் பலசாலி ஆகிவிடவில்லை. அவர்களால் முடியாததைக் கேட்பதை நிறுத்திவிட்டு, முடிந்ததைக் கேட்டார்கள். தோல்விக்குப் பிறகு வீரர்களே கூடி மனம்விட்டுப் பேசினார்கள் என்றெல்லாம் பின்னால் வெளிவந்தது, அதுவும் உதவியிருக்கும். நான் கண்ணால் பார்த்தது இதைத்தான்.

ஜனவரி 1, கால் இறுதியான ரோஸ் பவுல், மறுபடி ஆரிகன். அக்டோபரில் ஒரு புள்ளியில் தோற்ற அதே அணியை 34-0 வரை கொண்டுபோய் 41-21 என்று முடித்தார்கள். அதைப் பற்றி விவரிக்க ஒன்றுமில்லை, முதல் பாதியிலேயே நாங்கள் சமைக்கப் போய்விட்டோம்.

அரையிறுதியில் டெக்சஸோடு ஆடிய ஆட்டம்தான் உயிரை வாங்கியது. 21-14 என்று முன்னணி. இரண்டு நிமிடத்துக்குச் சற்று அதிகம் மிச்சம். டெக்சஸ் எல்லைக்கு 1 யார்டு வரை வந்துவிட்டது. நேரே தள்ளியிருந்தால் போதும், பக்கவாட்டில் பந்தைத் தட்டி ஓடப்பார்த்தார்கள், 7 யார்டு பின்னால் போனது. நான்காவது டவுனில் குவின் யூவர்ஸ் எறியக் கையைத் தூக்கினார். ஜாக் சாயர் அவரைச் சுற்றி வந்து பந்தைத் தட்டிவிட்டு, தானே எடுத்து, மைதானத்தின் மறுகோடி வரை 83 யார்டு ஓடினார். யூவர்ஸ் முன்பு ஒஹாயோ ஸ்டேட்டில் இருந்தபோது சாயரின் அறைத்தோழர். வீட்டில் எல்லோரும் குதித்ததில் கீழ்வீட்டுக்காரர் கதவைத் தட்டினார். திட்டத்தான் வந்தார் என்று நினைத்தால், அவர் டிவியில் கேபிள் போய்விட்டதாம், இங்கே உட்கார்ந்து பார்க்கலாமா என்றார்.

அட்லாண்டாவில் இறுதி ஆட்டம், நோட்டர் டேம். அவர்கள் முதல் வாய்ப்பிலேயே ஏறக்குறைய 10 நிமிடம் பந்தை விடாமல் வைத்திருந்து டச் டவுன் அடித்தார்கள். அதற்குப்பின் தொடர்ந்து 31 புள்ளி நமக்கு. விட்ட இடத்திலிருந்து பிடித்து 31-23 வரை அவர்கள் வந்தபோது மறுபடி வயிற்றைக் கலக்கியது. மூன்றாவது டவுன், 11 யார்டு வேண்டும். பாதுகாப்பாக ஓடி நேரத்தைக் கடத்துவார்கள் என்றுதான் யாரும் நினைப்பார்கள். நான் 74ஐப் பார்த்தேன். கால் சாய்வாகப் பின்னால் போனது. "எறியுறான்" என்று நானும் அக்காவும் ஒரே நேரத்தில் கத்தினோம். ஸ்மித் 56 யார்டில் பிடித்தார். அப்புறம் ஒரு ஃபீல்ட் கோல், 34-23. இதற்கு முன் ஒஹாயோ ஸ்டேட் கடைசியாக வென்றது 2014 சீசன், அது நான்கு அணி பிளேஆஃபின் முதல் வருடம். இது பன்னிரண்டு அணி பிளேஆஃபின் முதல் வருடம்.

மிச்சிகனை ஜெயிக்காமல் கோப்பை வாங்கியது செல்லுமா என்று ஊரில் இன்றும் சண்டை போடுவார்கள். எனக்கு அதில் கருத்து இல்லை. அந்தச் சண்டை நடக்கும்போது காபி நன்றாக ஓடும் என்பது மட்டும் தெரியும்.

ஏப்ரல் 2025இல், தொழில்முறை அணிகள் கல்லூரி வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கிற டிராஃப்டின் முதல் சுற்றில் ஜாக்சனை மினசோட்டா 24ஆவதாக எடுத்தது. சீசன் பாதியில் முழங்காலோடு போன சிமன்ஸை அதே சுற்றின் கடைசியில் கான்சஸ் சிட்டி எடுத்தது. ஆக, அந்த இடது மூலையில் நின்ற இரண்டு பேரும் போயாயிற்று. அடுத்த சீசனுக்கு யாராவது என்னிடம் அணி எப்படி இருக்கிறது என்று கேட்டால், குவார்ட்டர்பேக் யார் என்று அவர்கள் சொல்லி முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு, இடது டேக்கிள் யார் என்று கேட்கிறேன். பெரும்பாலும் தெரியாது என்பார்கள். சேர்ந்து தேடிப் பார்ப்போம், அரை மணி நேரம் பேச்சு ஓடும்.